நாலு நெகட்டிவில் ஒரு கல்யாணம்

அக்காவின் கல்யாணத்தில் இருந்தவர்கள் மொத்தம் பதினொரு பேர். அக்கா, மாமா, அம்மா, அப்பா, பெரியப்பா, பெரியம்மா, பெரியப்பாவின் மருமகள்கள் இரண்டு பேர், மாமாவோடு கல் குவாரியில் வேலை செய்த கூட்டாளிகள் இரண்டு பேர், தாலியை எடுத்துக் கொடுத்த பூசாரி. பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கரட்டின் மேல் இருக்கிற முருகன் கோயிலில் நடந்தது. அந்தக் கோயிலுக்கு ரசீதுப் புத்தகம்கூடக் கிடையாது.

வராதவர்கள் மூன்று பேர். மாமாவின் அம்மா வரவில்லை. தன் தம்பி மகளை விட்டுவிட்டு மகன் வேறு பெண்ணைக் கட்டுகிறான் என்ற கோபம் அவருக்கு. அந்தத் தம்பியும் வரவில்லை. மாமாவுக்குத் தாய்மாமன் அவர். மூன்றாவது ஆள் நான்.

அன்றைக்குப் பெரிய முகூர்த்தம். அரூரில் நான் வேலை பார்த்த ஸ்டுடியோவில் இருந்ததே இரண்டு கேமரா. அதில் ஒன்று ஷட்டர் சிக்கிப்போய் ரிப்பேரில் கிடந்தது. மிச்சம் இருந்ததை எடுத்துக்கொண்டு ஒரு ரைஸ்மில்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகச் சொன்னார் முதலாளி. எங்கள் அக்கா கல்யாணம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"உங்கக்காளும் மச்சானும் எங்கடா ஓடிப்போயிடப் போறாங்க? அடுத்த வாரம் கடைக்குக் கூட்டியா, மாலையும் கழுத்துமா நிக்க வெச்சு நானே எடுத்துத் தரேன். ரைஸ்மில்காரர் வூட்டுத் தாலிய அடுத்த வாரம் இன்னொருவாட்டி கட்டச் சொல்ல முடியுமா?" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அடுத்த வாரம் அவர்கள் வரவில்லை. குவாரியில் லீவு கிடைக்கவில்லை. அதற்கடுத்த மாதம் அக்காவுக்குக் காய்ச்சல். அப்புறம் நான் மறந்தேன், அவர்களும் மறந்தார்கள். எட்டு மாதம் ஆனது. ஒரு மத்தியானம் குவாரியில் மேலே இருந்து பாறை சரிந்து, கீழே டிராக்டரில் உட்கார்ந்திருந்த மாமா போய்விட்டார்.

நான் பஸ் பிடித்துப் போவதற்குள் அவரை அவருடைய அம்மா வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார்கள். அக்காவை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். "யாருடி நீ?" என்று கேட்டாராம் தாய்மாமன். கூட்டத்துக்கு நடுவில் கேட்டார். அக்கா வாசலை விட்டு விலகினாள். வேலிப் பக்கமாக நின்று, தூக்கிக்கொண்டு போகிறபோது அவர் கால்களை மட்டும் பார்த்தாள்.

அழுகையெல்லாம் தீர்ந்த பிறகும் அந்தக் கேள்வி மட்டும் அக்காவிடம் தங்கிவிட்டது. சோறு பிசைந்துகொண்டே இருப்பாள், திடீரென்று, "யாருடி நீன்னு கேட்டுட்டாரு பாருடா" என்பாள்.

குவாரிக்காரர் நஷ்டஈடு கட்ட ஒத்துக்கொண்டார். வாரிசு யார் என்று தாசில்தார் எழுதிக் கொடுத்தால் அவர்களுக்குப் பணம். மகனுக்குக் கல்யாணமே ஆகவில்லை, நான் ஒருத்திதான் வாரிசு என்று மாமாவின் அம்மா பேரில் ஒரு மனு போனது. ஆள் வைத்து எழுதிப் போட்டது தாய்மாமன்தான். நாங்களும் ஒரு மனு போட்டோம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பிளஸ் டூ முடித்தவன். மனுவை நானே எழுதினேன். மனைவி, தாயார் என்று இரண்டு பேரையும் வாரிசாகச் சேர்க்கும்படி கேட்டிருந்தேன்.

"பணத்த பூரா அவங்கம்மாவே எடுத்துக்கட்டும்டா. பெத்தவங்க. எனக்கு அந்தக் காயிதத்துல சம்சாரம்னு ஒரு வார்த்த இருந்தாப் போதும்" என்றாள் அக்கா.

"ரெண்டும் வரும்கா" என்றேன் நான்.

வி.ஏ.ஓ. விசாரிக்க வந்தார். நல்ல மனுசன்தான். கட்டிலில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்தார். பெரியப்பா, பெரியம்மா எல்லோரும் கல்யாணம் நடந்தது என்று சொன்னார்கள். அவர் பேனாவை மூடி வைத்துக்கொண்டு கேட்டார்.

"நீங்கெல்லாம் பொண்ணு வூட்டுக்காரங்க, சொல்லத்தான் செய்வீங்க. பூசாரி?"

"செத்துட்டாருங்க" என்றார் அப்பா.

"பையனோட கூட்டாளிங்க?"

"ஒருத்தன் பெங்களூரு போயிட்டானுங்க. இன்னொருத்தன் மாப்ள வூட்டுத் தெருவு. வாயத் தொறக்க மாட்டேங்கறான்."

"ரேசன் கார்டு? ஓட்டர் லிஸ்டு? பத்திரிகையாச்சும் அடிச்சீங்களா?"

எல்லாவற்றுக்கும் அப்பா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். எட்டு மாதம் குவாரிக்குப் பக்கத்து ஊரில் ஒரு வாடகை வீட்டில் இருந்தவர்கள். கார்டெல்லாம் யார் எழுதி வைத்தார்கள்?

"சரி, குடியிருந்த எடத்துல வாடகைக்கு வுட்டவங்க இருப்பாங்கல்ல, அவங்களக் கூட்டியாங்க. ஒரு கல்யாண போட்டோ இருந்தாலும் கொண்டாங்க" என்று சொன்னவர், என்னைப் பார்த்தார். "ஏப்பா, நீதான அரூர்ல ஸ்டுடியோவுல இருக்கற? உங்கக்கா கல்யாணத்தயே எடுக்காமயா இருந்திருப்ப?"

அம்மா என்னைப் பார்த்தாள். அக்கா பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்குதுங்க" என்றேன்.

வாடகைக்கு விட்டவர்களைக் கூட்டிவரச் சொன்னதும் அதே வாயால்தான் சொன்னார். அது என் காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. ஆபீசில் வாய் வார்த்தைக்கு மதிப்பில்லை, காகிதத்துக்குத்தான் மதிப்பு என்று நான் முழுசாக நம்பிக்கொண்டிருந்தேன். படிக்காத என் அப்பாவுக்கு அந்த நம்பிக்கை கிடையாது. "இல்லாதத இருக்குதுங்கறயே" என்று மட்டும் சொன்னார். நான் அதை ஒரு பேச்சாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

இல்லாததை உண்டாக்குவதுதான் எங்கள் ஸ்டுடியோவுக்குப் பேரே. மிக்சிங் என்போம். பொண்ணையும் மாப்பிள்ளையையும் தாமரைப் பூவுக்குள் உட்கார வைப்போம். நிலாவுக்குள் வைப்போம். ஒரே ஆளை நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்தில் அவனையே நிற்கவும் வைப்போம். வித்தை ஒன்றும் பெரிதில்லை. படத்தைப் பெரிசு பண்ணுகிற என்லார்ஜரில் ஒரு நெகட்டிவைப் போட்டு, வேண்டாத இடத்தைக் கறுப்புத் தாளில் வெட்டிய மறைப்பால் மூடிக்கொண்டு, பேப்பரில் வெளிச்சம் விடவேண்டும். பிறகு அந்த நெகட்டிவை எடுத்துவிட்டு அடுத்ததைப் போட்டு, முதலில் விழுந்த இடத்தை மூடிக்கொண்டு, மறுபடி வெளிச்சம். அதற்கு மேல் இன்னொன்று. அடுக்கு அடுக்காக விழுந்தாலும், மருந்துத் தட்டில் போட்டு ஆட்டும்போது எல்லாம் ஒரே சமயத்தில் ஒன்றாக எழும்பி வரும். எது முதலில் விழுந்தது, எது பிறகு விழுந்தது என்று பேப்பருக்குத் தெரியாது. சேர்ந்த இடத்தில் தெரிகிற கோட்டைத் தூரிகையால் மூடி, அந்தப் படத்தையே திரும்பக் கேமராவில் எடுத்துப் புது நெகட்டிவ் பண்ணிவிட்டால் தீர்ந்தது.

முதலாளிக்கு இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பாஸ்போர்ட் சைசிலோ, சர்ட்டிபிகேட்டுக்கோ மிக்சிங் கேட்டு வந்தால் விரட்டிவிடுவார். "மிக்சிங் ஆசைக்குடா. ஆபீசுக்கு இல்ல" என்பார். அதனால் அவரிடம் சொல்லவில்லை. கடை லீவு நாளில், என்னிடம் இருந்த சாவியைப் போட்டுத் திறந்தேன்.

எனக்கு நாலு நெகட்டிவ் வேண்டியிருந்தது. கோயில் ஒன்று. அது சுலபம், கரட்டின் மேல் ஏறி எடுத்துவந்துவிட்டேன். மாமாவின் முகம் ஒன்று. ஒரு வருசத்துக்கு முன்னால் அவரும் கூட்டாளிகளும் நாலு பேராக எங்கள் ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட குரூப் போட்டோவின் நெகட்டிவ் கவரில் இருந்தது. அவருக்கென்று இருந்தது அது ஒன்றுதான், அவருடைய அம்மாவிடம் அதுகூட இல்லை. மாலை போட்ட மாப்பிள்ளையின் உடம்பு ஒன்று. அதை ரைஸ்மில்காரர் வீட்டுக் கல்யாண நெகட்டிவிலிருந்து எடுத்தேன். அக்காவின் கல்யாணத்துக்கு என்னைப் போகவிடாத கல்யாணம் எது என்று எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் அந்த உடம்புதான் சரியாக இருந்தது. மாமாவின் அகலம், மாமாவின் உயரம்.

நாலாவது அக்கா.

அம்மா ஒத்துக்கொள்ள இரண்டு நாள் ஆனது. "தாலி எறக்கி மூணு மாசம் ஆவல. பூ வெச்சு பஸ்ஸுல கூட்டிட்டுப் போன்னு சொல்றயா?" என்று கத்தினாள். கடைசியில் பூவையும் குங்குமத்தையும் கல்யாணச் சேலையையும் ஒயர் கூடையில் அடியில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக் கொண்டுவந்தார்கள். மாலையை நான் அரூரில் வாங்கினேன். "யாருக்கு தம்பி கல்யாணம்?" என்று பூக்காரம்மா கேட்டார். "அக்காவுக்குங்க" என்றேன்.

ஸ்டுடியோவில் சுவரோடு ஒரு கண்ணாடி உண்டு. அதற்குக் கீழே சீப்பும் பவுடர் டப்பாவும். அக்கா சேலை மாற்றிக்கொண்டு வந்து அதன் முன்னால் நின்றாள். அம்மா உள்ளே வர மாட்டேன் என்று வெளியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அதனால் அக்காவே தன் தலையில் பூவை வைத்துக்கொண்டாள். குங்குமத்தையும் அவளே எடுத்தாள். நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

"மஞ்சக் கயிறும் வாங்கி வந்திருக்கேங்கா" என்றேன்.

"அது மட்டும் வேணாண்டா. மாலை மறைச்சுக்கும்."

மறைத்தது.

பின்பக்கம் வெயிலில் நிற்க வைத்தேன். கோயில் படத்தில் வெயில் எந்தப் பக்கம் விழுந்ததோ அதே பக்கம் விழவேண்டும், அதற்காக மணி பார்த்துக் காத்திருந்தேன். கேமராவைக் குனிந்து பார்த்தபடி, "கொஞ்சம் சந்தோசமா" என்று ஆரம்பித்தேன். கல்யாண வீடுகளில் ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை. பாதியில் நின்றுவிட்டது.

"எந்தப் பக்கம் பாக்கணும்? அவரு எந்தப் பக்கம் நிக்கறாரு?" என்று கேட்டாள் அக்கா.

அவளுக்கு வலது பக்கத்தைக் காட்டினேன். அங்கே படம் கழுவுகிற ஹைப்போ டப்பா ஒன்று இருந்தது, அதை நகர்த்தினேன். அவள் அந்தக் காலி இடத்தைப் பார்த்துக் கொஞ்சமாகத் தலையைச் சாய்த்தாள். மூன்று தடவை எடுத்தேன். மூன்றிலும் அதே மாதிரிதான் இருந்தாள்.

முடிந்ததும் தண்ணீர் கேட்டாள். குங்குமம் முழுசாகப் போகவில்லை. தேய்க்கத் தேய்க்க நெற்றி பூராவும் சிவப்பாகிவிட்டது. முந்தானையை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

வேலையில் ஒரு சிக்கல் இருந்தது. தாலி கட்டிய பிறகு பொண்ணு மாப்பிள்ளைக்கு இடது பக்கம் நிற்கவேண்டும். ஆபீசுக்குப் போகிற படம், அது மாறக்கூடாது. அப்படி நிறுத்தினால் மாப்பிள்ளை முகம் பொண்ணு பக்கமாகக் கொஞ்சம் திரும்பியிருக்க வேண்டும். குரூப் போட்டோவில் மாமா வரிசையின் ஓரத்தில் நின்று எதிர்ப்பக்கமாகத் திரும்பியிருந்தார். அப்படியே வைத்தால் அக்காவை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதிரி இருந்தது. எனவே நெகட்டிவை மறுபக்கமாக, மங்கல் பக்கம் மேலும் பளபளப்புப் பக்கம் கீழும் வரும்படி திருப்பிப் போட்டேன். மாமா அக்காவைப் பார்த்தார்.

திருப்பினால் என்னென்ன காட்டிக்கொடுக்கும் என்று எனக்குத் தெரியும். சட்டைப் பை பக்கம் மாறும். ஆனால் உடம்பு வேறு ஆளுடையது. நிழல் பக்கம் மாறும். ஆனால் குரூப் போட்டோ ஸ்டுடியோவுக்குள் இரண்டு பக்கமும் ஒரே அளவு விளக்குப் போட்டு எடுத்தது. மச்சம் மாறும், மாமாவுக்கு முகத்தில் மச்சம் இல்லை, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன் என்று எனக்கு ஒரு திருப்தி.

முகத்தை அளவாகப் பெரிசு பண்ணி, பிளேடால் வெட்டி, ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்து மெல்லிசாக்கி அந்த உடம்பின் மேல் ஒட்டினேன். கழுத்தில் பென்சிலால் நிழல் கொடுத்தேன். அதைக் கேமராவில் எடுத்து, கோயில், அக்கா, மாமா என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் பேப்பரில் இறக்கினேன். நாலு பேப்பர் பாழானது. ஐந்தாவது பேப்பர் மருந்தில் எழும்பி வந்தபோது, சிவப்பு விளக்கு வெளிச்சத்தில், எங்கள் அக்காவுக்குக் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. நான் அந்தக் கல்யாணத்துக்குப் போன மாதிரியே இருந்தது.

அக்காவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள். முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள்.

"நல்லாத்தாண்டா இருக்குது. ஆனா வேற யாரோ மாதிரி இருக்காரு" என்றாள்.

"உடம்பு வேற ஆளுதுக்கா, அதான்" என்றேன். அவளும் அதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

தாலுகா ஆபீசில் விசாரணை நாள். தாசில்தார் மேசைக்கு இந்தப் பக்கம் அக்கா, அப்பா, நான். அந்தப் பக்கம் மாமாவின் அம்மா, தாய்மாமன். வி.ஏ.ஓ. ஓரமாக நின்றார். குடியிருந்த வீட்டுக்காரம்மாவுக்கு அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள். அந்த ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்த ஒரு பாயின் சம்சாரம் அவர், நாங்கள் பாயம்மா என்போம். "அவங்க எதுக்குக்கா, அதான் போட்டோ இருக்குதே" என்று நான்தான் தடுத்திருந்தேன்.

தாசில்தார் படத்தை வாங்கிப் பார்த்தார்.

"யார் எடுத்தது?"

"நான்தாங்க."

"நீ கல்யாணத்துக்குப் போயிருந்தியா?"

"ஆமாங்க."

அப்பா என் பக்கத்தில் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. தாசில்தார் படத்தை மேசை மேல் அந்தப் பக்கமாகத் தள்ளினார். "பாருங்கம்மா. இது உங்க மகன்தானே?"

மாமாவின் அம்மா அதை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். மகன் போனதற்குப் பிறகு அந்த முகத்தை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த இறுக்கமெல்லாம் கழன்றது. "எஞ்சாமி, மாலையெல்லாம் போட்டுட்டு நிக்கறயே" என்றார் மெதுவாக. "என்னக் கூப்புட்டான். கால்ல வுழுந்து கூப்புட்டான். நாந்தான் போவல."

தாய்மாமன் நாற்காலியை நகர்த்தினார். அந்தச் சத்தத்தில் அவர் முனகியது யாருக்கும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அந்த அம்மா விரலால் படத்தில் இருந்த மகனின் நெற்றியைத் தடவினார். தலையைத் தடவினார். விரல் நின்றது.

"இதென்ன, வகுடு இந்தப் பக்கம் எடுத்திருக்கான்?" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே விளங்காமல் கேட்டார். "நாந்தான இவனுக்குத் தல வாரி வுடுவேன். எப்பவும் பீச்சாங்கைப் பக்கந்தான எடுப்பேன். கல்யாணத்தன்னிக்கு யாரு வாரி வுட்டது?"

நெகட்டிவைத் திருப்பியதில் வகிடும் பக்கம் மாறியிருந்தது. அக்கா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. வேற யாரோ மாதிரி இருக்காரு என்றது எதனால் என்று எனக்கும் புரிந்தது.

தாய்மாமனுக்கு ஒரு நிமிசம்கூட ஆகவில்லை. படத்தைப் பிடுங்கிப் பார்த்தார். "ஜோடிச்சுக் கொண்டாந்திருக்கானுங்க! ஆளையே தாமரப் பூவுல உக்கார வெக்கறவனுங்கய்யா இவனுங்க. செத்தவனுக்கு மாலை போடறது இவனுங்களுக்குப் பெரிய வேலயா? நெகட்டிவக் கேளுங்க!"

"நெகட்டிவ் இருக்கா?" என்றார் தாசில்தார்.

என்னால் அதற்கு மேல் பொய் சொல்ல முடியவில்லை. கோயில் எது, உடம்பு யாருடையது, முகம் எங்கிருந்து, அக்காவை எப்போது எடுத்தேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த வி.ஏ.ஓ. தலையைக் குனிந்துகொண்டார். கடைசியில், "போட்டோ பொய்யிங்க. கல்யாணம் நெசங்க" என்றேன்.

தாசில்தார் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "படிச்ச பையந்தானே நீ? விசாரணையில பொய்யா ஒரு படத்தக் குடுத்தா கேசாகும்னு தெரியாதா? போட்டோ இல்லன்னு சொல்லியிருந்தா நான் நேர்ல போயி விசாரிச்சிருப்பேன். இனிமே நான் எத எழுதினாலும், பொய்ப் படத்த வாங்கிட்டு எழுதினான்னு எம் மேல பெட்டிசன் போவும்" என்றார். பிறகு அந்த அம்மாவிடம், "நீங்க சொல்லுங்கம்மா, உங்க மகனுக்குக் கல்யாணம் நடந்துதா இல்லையா?" என்று கேட்டார்.

அவர் தம்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "படமே பொய்யின்னா, நான் என்னத்தங்க சொல்லட்டும்?" என்றார்.

வெளியே வராந்தாவுக்கு வந்தோம். பெஞ்சில் பாயம்மா உட்கார்ந்திருந்தார். நான் தடுத்தும் அவர் வந்திருந்தார், இரண்டு பஸ் மாறி. எங்களைப் பார்த்ததும் எழுந்து, "எப்பம்மா கூப்புடுவாங்க? நான் உள்ள வந்து சொல்லணுமில்ல?" என்றார்.

அப்பா விசயத்தைச் சொன்னார். பாயம்மா என் பக்கம் திரும்பினார்.

"ஏன் தம்பி அப்படிப் பண்ணே? எட்டு மாசம் என் வூட்டுல புருசன் பொண்டாட்டியா குடும்பம் பண்ணாங்கன்னு அல்லா மேல ஆணையா சொல்றதுக்குத்தானே வந்தேன். நான் ஒருத்தி சொன்னா பத்தாதா?"

விடுவிடென்று உள்ளே போகப் பார்த்தார். வி.ஏ.ஓ. கதவருகே நிறுத்தினார். "நேத்து வந்திருந்தீங்கன்னா உங்க வார்த்த ஒன்னே போதும்மா. இப்ப நீங்க சொன்னா உங்களையும் சேத்து ஜோடிச்சதும்பாங்க" என்றார். அவர் சொன்ன விதத்தில் எனக்காக வருத்தப்பட்டார் என்றே தெரிந்தது.

தாய்மாமன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். "போலீசுக்குப் போறதா வேணாமான்னு யோசிக்கறேன். பையன் படிச்சவன், வாழ்க்க போயிடும். மனுவ வாபஸ் வாங்கிட்டு, கல்யாணமே நடக்கலன்னு உங்க பொண்ணு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டா நாங்க ஒன்னும் பண்ணல."

"வேணாம்கா. ஜெயிலுக்குப் போனா நான் போறேன்" என்றேன்.

"எழுதுடா" என்றாள் அக்கா.

"அக்கா..."

"எழுதுடாங்கறேன். நீ உள்ள போயிட்டா இந்த வூட்டுல ஒரு மனு எழுதக்கூட ஆளு யாரு இருக்கா?"

அப்பாவுக்கு எழுதத் தெரியாது. அக்காவுக்குத் தெரியாது. தாய்மாமனுக்கும் தன் பேருக்கு மேல் தெரியாது. அதனால் நானே எழுதினேன். வராந்தா பெஞ்சில் முழங்காலில் பேப்பரை வைத்து, என் நல்ல கையெழுத்தில். எனக்கும் மேற்படி இறந்துபோன நபருக்கும் திருமணம் எதுவும் நடைபெறவில்லை என்றும், நான் அவருடைய மனைவி அல்ல என்றும் இதன் மூலம் உறுதி கூறுகிறேன். எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னாள் அக்கா. படித்தேன்.

"மேற்படின்னா யாரு?"

"மாமாதான்கா."

"பேர எழுத மாட்டாங்களா?"

"இப்படித்தாங்கா எழுதுவாங்க."

ஆபீசிலிருந்து மை டப்பா கொண்டுவந்தார்கள். இடது கட்டை விரலை வைத்து அழுத்தினாள். பிறகு அந்த விரலை எதில் துடைப்பது என்று தெரியாமல் அப்படியே நீட்டிக்கொண்டு நின்றாள். பாயம்மா தன் முந்தானையைக் கொடுத்தார்.

நாங்கள் கிளம்பும்போது மாமாவின் அம்மா உள்ளே தாசில்தாரிடம் அந்தப் படத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பைலில் வைத்தாகவேண்டும், கொடுக்க முடியாது என்றார்கள். குரூப் போட்டோ நெகட்டிவிலிருந்து மாமாவின் முகத்தை மட்டும், திருப்பாமல், ஒரு பிரிண்ட் போட்டு அவருக்குக் கொடுத்தனுப்பலாம் என்று நான் பலநாள் நினைத்தேன். கொடுக்கவில்லை. முதலாளிக்கு விசயம் தெரிந்து சாவியை வாங்கிக்கொண்டார், நெகட்டிவ் கவரெல்லாம் கடைக்குள்ளேயே இருந்துவிட்டது.

அக்கா இப்போது தினமும் பொன்னாங்கண்ணிக் கீரை கட்டிச் சந்தைக்குக் கொண்டுபோகிறாள். யாராவது புதிதாகப் பழகினவர்கள், "வூட்டுக்காரர் என்ன பண்றாரு?" என்று கேட்டால் முன்பெல்லாம் குவாரி, பாறை என்று சொல்ல ஆரம்பிப்பாள். இப்போது, "கல்யாணம் ஆவலீங்க" என்கிறாள். ஒருநாள் நான் பக்கத்தில் இருக்கும்போதே சொன்னாள். கைநாட்டு வைத்துக் கொடுத்ததை மீறிச் சொன்னால் அந்தக் கேசு திரும்ப என் மேல் வந்துவிடும் என்று இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறாள். அப்படியெல்லாம் ஒன்றும் வராது என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். கேட்க மாட்டேன் என்கிறாள். நான் சொல்வதை அவள் எதற்காக நம்பவேண்டும்?

வாரிசுச் சான்றில் தாயார் என்று ஒரே ஒரு வரிதான் வந்தது. நஷ்டஈடு முழுவதும் அங்கேயே போனது. அதில் அக்காவுக்கென்று வந்திருக்கவேண்டிய பாதி, எட்டாயிரத்து இருநூற்றைம்பது ரூபாய்.